ட்ரையரில் சுட்ட பியர் பிஸ்கட்

நீங்கள் எப்போதாவது தேயிலை காயவைக்கிற ட்ரையரில் பிஸ்கட் சுட்டிருக்கிறீர்களா?

இல்லையா? அப்படியென்றால் உங்கள் அப்பா தேயிலை ஃபெக்டரியை நடத்துகிற டீமேக்கராக இருந்திருக்க மாட்டார். இருந்திருந்தாலும் அம்மா பேச்சைக் கேட்கிறவராக இருந்திருப்பார். எனக்கு இரண்டு பாக்கியமும் இல்லை.

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, முதல் நாள். பகல் சாப்பாடு முடிந்த நேரம். நோர்வூட்டுக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியை எல்லாரும் ஸ்டோர் என்பார்கள். லீவுக்காக ஸ்டோரை நிறுத்தியிருந்தார்கள். வருஷம் முழுக்கக் காதைப் பிய்க்கிற ரோலர்கள் ஊமையாக நின்றன. சல்லடை அறைப் பெண்கள் நாலைந்து பேர் தும்புத்தடியால் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

ட்ரையர் மட்டும் சூடாக இருந்தது. வீடு அளவு இரும்புப் பெட்டி அது. உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள், கீழே விறகு அடுப்பு. ஒரு பக்கம் ஈரமாகப் போகிற தேயிலை மறுபக்கம் மொறுமொறுவென்று வந்து விழும்.

அதற்கு முன்னால் காக்கி அரைக்கால்சட்டை, முழங்கால் வரை வெள்ளை மேஜோடு, கையில் மணிக்கூடு சகிதம் என் அப்பா நின்றார். பக்கத்தில் பெரிய பேசினைத் துணியால் மூடிப் பிடித்துக்கொண்டு அம்மா.

"என்னாங்க, இன்னொருக்கா யோசிங்க. இது தேயில இல்ல, மாவு."

"ஞானம், நீ வாய மூடு. கொழுந்துக்கும் மாவுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் புளிக்கணும், ரெண்டும் காயணும்."

"இது நல்லா வரலைன்னா தை மாசம் நாம எங்க காயுறது? ரோட்டுலயா?"

அம்மா கேட்டது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. அந்தப் பேசினுக்குள் எங்கள் வீடு இருந்தது.

மூக்கு

அப்பாவின் மூக்கைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. (போன வாரம் இந்தப் பத்தியில் பங்களா நாயைப் பற்றி எழுதியதற்கே வீட்டில் ஒரு மூச்சுத் திட்டு விழுந்தது. இந்த வாரம் என்ன ஆகுமோ.)

தேயிலை ஒரு ஒட்டுண்ணி. பக்கத்தில் எந்த வாசம் இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். வெங்காயம், மண்ணெண்ணெய், சவர்க்காரம் எதையும் விடாது. அதனால் ஸ்டோர் வாசலில் அப்பா மூக்கோடு நிற்பார். தலைக்கு எண்ணெய் வைத்தவள் வெளியே. கருவாடு தின்றவன் வெளியே. நான் அவர் பெற்ற மகள். காலேஜ் லீவில் வரும்போது எனக்கும் வாசற்படிதான்.

செல்லாயி சல்லடை அறையில் வேலை செய்கிறவள். வாய் நீளம். கோயில் தேர் முடிந்த மறுநாள் தலையில் ஒரு முழம் பூவோடு பெரட்டுக்கு வந்துவிட்டாள். காலையில் ஆள் பிரிக்கிற அந்த வரிசையிலேயே அப்பா மோப்பம் பிடித்துவிட்டார்.

"பூவ எடுத்துட்டேங்க ஐயா."

"வாசம் போகல. ஒரு மாசம் புல்லு வெட்டப் போ."

மழையில், அட்டைக் கடியில் அவள் ஒரு மாசம் புல் வெட்டினாள். திரும்பி வந்தபோது கணுக்கால் முழுக்கப் புண்.

அதே மாசம் கொழும்பிலிருந்து கம்பெனியின் பெரிய வெள்ளைக்காரர் ஒருவர் தோட்டம் பார்க்க வந்தார். வாயில் விரல் தடிமனுக்குச் சுருட்டு. ரோலர் அறை, சல்லடை அறை, பெட்டி அடிக்கிற அறை எல்லாவற்றிலும் புகை விட்டபடி உலாத்தினார். அப்பா பின்னாலேயே சாம்பல் கிண்ணம் ஏந்திக்கொண்டு போனார்.

இரவு சாப்பாட்டில் கேட்டேன், "அந்தச் சுருட்டு நாறலையாப்பா?"

"அது வேற வாசம்."

வெள்ளைக்காரச் சுருட்டுக்குத் தேயிலையே வழிவிடும் போலிருக்கிறது. விஞ்ஞானம் இன்னும் கண்டுபிடிக்காதது.

ஐம்பத்தைந்து

அப்பாவுக்கு ஐம்பத்தைந்து முடிகிற வருஷம் அது. தோட்டத்தில் ஸ்டாஃப் ஆட்களுக்கு அதுதான் எல்லை. தோட்டத்தை நிர்வகிக்கிற துரை மனசு வைத்தால் ஒரு வருஷம் நீட்டிக் கொடுப்பார், அடுத்த வருஷம் மறுபடி மனசு வைக்க வேண்டும். மனசு வைக்காவிட்டால் வேலையோடு குவாட்டர்ஸும் போகும்.

போனால் எங்கே? சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லை. இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு எங்களை நாடில்லாதவர்கள் ஆக்கிவிட்ட புண்ணியவான்கள் "இந்தியாவுக்குப் போ" என்றார்கள். அப்பா இந்தியாவைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, என் காலேஜ் சுவரில் தொங்கிய தேசப்படத்தில். தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்று கேட்டால் "திருச்சிப் பக்கம்" என்று கையைக் காற்றில் வீசுவார். அந்தப் பக்கம் ரொம்பப் பெரியது.

துரை வாயே திறக்கவில்லை. தினமும் பத்து மணிக்கு அவர் தேயிலை ருசி பார்க்க வரும்போது அப்பா அவர் முகத்தைப் பார்ப்பார். துரை கோப்பையைப் பார்ப்பார். அதோடு சரி.

அந்த நேரத்தில்தான் துரையின் மனைவி துரைசாணிக்கு அவளுடைய அம்மாவின் ஞாபகம் வந்தது.

செயலாளருக்கு இரண்டு போத்தல்

துரைசாணியின் ஊரில் நத்தாருக்கு பியர் ஊற்றிப் பிஸ்கட் சுடுவார்களாம். அவளுடைய அம்மா சுடுவாளாம். அது இல்லாத நத்தார் நத்தாரே இல்லையாம். பங்களா சமையல்காரர் சவரிமுத்து அப்பு இரண்டு தடவை சுட்டுக் கொடுத்தார். இரண்டு தடவையும் துரைசாணி ஒரு கடி கடித்துவிட்டு ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தாளாம்.

இந்தக் கதையை அப்பு எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து சொன்னார்.

"பஞ்சு மாதிரி இருந்திச்சு டீமேக்கரய்யா. நல்லாத்தான் இருந்திச்சு. ஆனா அவங்க அம்மா சுட்டது இல்லியாம். நான் அவங்க அம்மாவுக்கு எங்க போவேன்?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தேயிலையில் பிழை வந்தால் அப்படித்தான் மூடுவார்.

"புளிக்க விட்டது பத்தல."

"பிஸ்கோத்துக்கா?"

"அப்பு, தொரசாணிகிட்ட சொல்லு. டீமேக்கர் வீட்டுல சுட்டுக் குடுப்பாங்கன்னு."

அப்பு எழுந்தே விட்டார். ஏனென்றால் என் அப்பா சாதாரண ஆள் இல்லை, எங்கள் சபையின் மதுவிலக்குச் சங்கத்துச் செயலாளர். சம்பள நாட்களில் நோர்வூட் கள்ளுக்கடைக்கு எதிரே நின்று பிரசங்கம் செய்கிறவர். உள்ளே போகிறவர்கள் கும்பிட்டுவிட்டுப் போவார்கள், திரும்பி வரும்போது கட்டிப்பிடித்துவிட்டுப் போவார்கள்.

"நாங்க வேதக்காரங்கதான், குடிப்போம்" என்றார் அப்பு. அவர் கத்தோலிக்கர், நாங்கள் வேறு சபை. "ஆனா உங்கள மாதிரிக் குடிக்காதவங்க பியர்ல பிஸ்கோத்துச் சுடுறத இப்பத்தான் பாக்குறேன்."

மறுநாள் பங்களாவிலிருந்து லீக்ஸ் கீரைக்கட்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டு நுவரெலியாவில் காய்ச்சிய இரண்டு போத்தல் பியர் வந்து சேர்ந்தது. அம்மா அவற்றைச் சாப்பாட்டு மேசையில் நிறுத்தி வைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டாள்.

"செயலாளர் ஐயாவுக்கு வந்திருக்கு. எங்க வைக்கட்டும்? பைபிள் பக்கத்துலயா?"

"சத்தம் போடாத ஞானம். இது குடிக்க இல்ல. அப்பத்துக்குக் கள்ளு ஊத்துறதில்லையா? அது மாதிரி."

"அதுக்கும் நீங்கதான போன வருசம் தடை போட்டீங்க? அன்னையிலருந்து நம்ம வீட்டு அப்பம் சப்பாத்தியாப் போச்சு."

அப்பா போத்தல்களைத் தன் பழைய கோட்டால் மூடினார். கோட்டுக்குக் கீழே இரண்டு கழுத்து நீட்டிக்கொண்டு நின்றது.

வாட்டு, உருட்டு, புளிக்க விடு

எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. பக்கத்து வீட்டு ஹெட் கிளார்க் வீட்டில் மண்ணெண்ணெய்த் தகரத்தில் செய்த ஒன்று இருந்தது. மேலேயும் கீழேயும் தணல் போட்டால் கேக் நன்றாகவே வரும். அம்மா அதைக் கேட்டு வாங்கி வருகிறேன் என்றாள். ஹெட் கிளார்க் சங்கத்து அங்கத்தவர். மணம் பிடித்துவிடுவார் என்று அப்பா மறுத்துவிட்டார்.

பிறகு மெதுவாக ஒரு வெளிச்சம் அவர் முகத்தில் வந்தது. ஸ்டோர் லீவு. ட்ரையர் சும்மா.

ட்ரையர் என்று முடிவானதும் மற்ற எல்லாமும் தேயிலை முறைப்படியே நடந்தது. மார்கழி மூடுபனியில் கோதுமை மா ஈரம் பிடித்திருக்கிறது, முதலில் வாட்ட வேண்டும் என்றார். கொழுந்து பரப்புகிற மேல்மாடிச் சாக்குத் துணியில் மாவைப் பரப்பினார். கால்வாசி மா சாக்கின் ஓட்டை வழியாகக் கீழே நின்ற அம்மாவின் தலையில் பெய்தது.

பட்டர், சீனி, கறுவாத்தூள், பியர் எல்லாம் சேர்த்து அம்மா பிசைந்தாள். அப்பா அதைச் சீமெந்து மேசையில் கை தடிமனுக்குப் பரப்பி, ஈரத்துணி போட்டு மூடி, நேரத்துக்கு நேரம் குனிந்து மோந்தார். தேயிலை புளிக்கிற மேசை அது.

"இன்னும் இல்ல."

கொஞ்சம் கழித்து, "இன்னும் இல்ல."

"என்னாங்க, அது பிஸ்கோத்து. கொழுந்து மாதிரி நெறம் மாறாது."

"மூக்குக்குத் தெரியும்."

மூக்குக்குத் தெரிந்தபோது மாவை மூடிய துணி தானாக மேலே எழும்பியிருந்தது. அம்மா அதைப் பேசினில் அள்ளி ட்ரையருக்கு முன்னால் கொண்டுவந்தாள்.

முதல் தொகுதியை வட்ட வட்டமாக வெட்டி ட்ரையரின் வாயில் போட்டு, சங்கிலியை ஓடவிட்டார். அந்த ட்ரையரில் ஒவ்வொரு தட்டும் ஓட்டத்தின் முடிவில் கவிழும், தேயிலை கீழ்த் தட்டில் கொட்டும். தேயிலைக்கு அது நல்ல ஏற்பாடு. பிஸ்கட்டுகள் உள்ளே தடதடவென்று மாடிப்படியில் உருண்டன. மறுபக்கம் வந்து விழுந்தவற்றில் சில காது மாதிரி இருந்தன, சில மூக்கு மாதிரி.

கூட்டிக்கொண்டிருந்த பெண்கள் தும்புத்தடியில் சாய்ந்துகொண்டு பார்த்தார்கள். செல்லாயி வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் பிரயோசனம் இல்லை.

"ஐயா, இது என்னா ரகம்? பெருவெட்டா, தூளா?"

அப்பா அதைக் கேலியாக எடுக்கவில்லை. நிஜமாகவே கைச்சல்லடையை எடுத்துச் சலித்தார். முழுசு ஒரு பக்கம், உடைசல் ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம். உடைசலையும் தூளையும் பெண்களிடம் கொடுத்தார்.

"நத்தாருக்குத் தின்னுங்க. ஸ்டோருக்குள்ள தின்னக் கூடாது."

இரண்டாவது தொகுதிக்குச் சங்கிலியை நிறுத்தி, மேல் தட்டில் அடுக்கி, கதவைச் சாத்தினார். ட்ரையர் சூட்டில் தேயிலை காயும், பிஸ்கட் வேகாது. அது மெதுவாக, பிடிவாதமாக, சாயங்காலம் வரை காய்ந்தது. பட்டர் உருகித் தட்டின் துளைகள் வழியாகக் கீழே, அதற்கும் கீழே வடிந்தது. வெளியே எடுத்தபோது பிஸ்கட்டுகள் வெளிறி, கூரை ஓடு மாதிரி "டங்" என்றன.

அம்மா ஒன்றை எடுத்து மேசையில் தட்டினாள். மேசையில் தடம் விழுந்தது.

"கர்த்தரே" என்றாள்.

பங்களா வராந்தா

நத்தார் காலையில் ஸ்டாஃப் குடும்பங்கள் எல்லாம் பங்களா வராந்தாவில் வரிசையாக நிற்க வேண்டும். மாலை, கேக், வாழைக்குலை, ஒரு கும்பிடு. துரை எல்லாருக்கும் கைகொடுத்து, தனக்குத் தெரிந்த தமிழில் "நல்லா இருக்கான்?" என்று கேட்பார். என் அம்மாவையும் அப்படித்தான் கேட்டார். "நல்லா இருக்கான் தொர" என்று அம்மா சொன்னாள். நான் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அப்பா தட்டை நீட்டினார். துரைசாணி ஒன்றை எடுத்தாள். கடித்தாள்.

சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது. பின்னால் நின்ற சவரிமுத்து அப்பு கண்ணை மூடிக்கொண்டார். துரைசாணி பிஸ்கட்டை வாயிலிருந்து எடுத்தாள். பார்த்தாள். தேநீரில் முக்கினாள். மறுபடி கடித்தாள். பிறகு கன்னத்தில் கண்ணீர் ஓட இங்கிலீஷில் என்னவோ சொல்லிச் சிரித்தாள்.

துரை மொழிபெயர்த்தார். "இவன் அம்மா பிஸ்கட் இதே மாதிரி. பல்லு உடையும்."

அப்பு என் காதருகே முணுமுணுத்தார், "அடக் கடவுளே. அந்தம்மாவும் கல்லத்தான் சுட்டிருக்கு. நான் பஞ்சு மாதிரிச் சுட்டு என்ன புண்ணியம்?"

துரை அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு தடவை. மற்றவர்களுக்கு ஒரு தடவைதான்.

"டீமேக்கர், லீவு முடியட்டும். உன் விசயம் பேசலாம்."

வீடு வரும் வழியெல்லாம் அப்பா கையை ஆட்டாமல் நடந்தார், குலுக்கியது சிந்திவிடும் என்பது போல. அம்மா அன்றைக்கே முன்னறைக்குப் புதுத் திரைத்துணி எந்த நிறத்தில் வாங்கலாம் என்று ஆரம்பித்துவிட்டாள்.

பத்து மணிக் கோப்பை

லீவு முடிந்த முதல் நாள் கொழுந்து மலை மாதிரி வந்தது. இரவோடு இரவாக ஓட்டி, விடிவதற்குள் காயவைத்தார்கள்.

நான் மறுநாள் பத்து மணிக்கு அப்பாவுக்குக் காலைச் சாப்பாடு எடுத்துப் போனேன். வழக்கம் போல வாசற்படியில் நின்றேன். அங்கிருந்தே தெரிந்தது. மூக்கு பரம்பரைச் சொத்து. ஸ்டோர் முழுக்க நத்தார் வாசம் அடித்தது. பட்டர், கறுவா, அதற்கடியில் புளித்த பியர்.

அப்பா தட்டுகளைக் கழுவியிருந்தார். அதாவது மேல் தட்டை மட்டும். உருகின பட்டர் எங்கெங்கே போனது என்பது ட்ரையருக்குத்தான் தெரியும். மறுபடி சூடேறியதும் அது எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

ருசி பார்க்கிற மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருந்தன. அப்பா பக்கத்தில் நின்றார். மேஜோடு ஒரு காலில் இறங்கியிருந்தது, அவர் கவனிக்கவில்லை.

துரை வந்தார். கரண்டியில் எடுத்து, "ஸ்ஸ்ர்ர்" என்று உறிஞ்சினார். துப்பவில்லை. வாயில் வைத்தபடி அப்பாவைப் பார்த்தார். துப்பினார். அடுத்த கோப்பை. அதுவும் அப்படியே.

"என்ன வாசம் இது? எந்தப் பொம்பளே பூ வச்சான்?"

அப்பா ஒரு கோப்பையை எடுத்து மோந்து பார்த்தார்.

"விசாரிக்கிறேன் தொர."

சொல்லிவிட்டு அவர் சல்லடை அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், பார்த்தார். உள்ளே சல்லடைச் சத்தம் நின்றது. பெண்கள் எல்லாரும் செல்லாயியைப் பார்த்தார்கள். செல்லாயி தன் கணுக்காலைப் பார்த்தாள்.

பிறகு முறத்தோடேயே வெளியே வந்தாள்.

"எதுக்குங்க ஐயா விசாரிக்கணும்? தொர, என் தலைய மோந்து பாருங்க. பூவும் இல்ல, எண்ணெயும் இல்ல. இது நத்தார் பிஸ்கோத்து வாசம். ஐயா ட்ரையர்லதான் சுட்டாங்க. ஒடஞ்சது எங்களுக்குக் குடுத்தாங்க, நாங்களும் தின்னோம்."

"பிஸ்கட்?"

"ஆமாங்க. பியரு ஊத்துன பிஸ்கோத்து. சம்பள நாளு எங்க வீட்டு ஆளு வாயில இதே வாசந்தான், எனக்குத் தெரியாதுங்களா?"

உள்ளே யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும். செல்லாயி சிரிக்கவில்லை. முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். மறுபடி புல் வெட்டப் போகத் தயாராக வந்தவள் மாதிரி.

துரை அப்பாவிடம் திரும்பினார்.

"என் ட்ரையர்லே?"

"ஆமாங்க தொர."

"தொரசாணிக்கு?"

"ஆமாங்க."

துரை கரண்டியைக் கழுவி வைத்தார். கைக்குட்டையால் வாயைத் துடைத்தார்.

"பிஸ்கட் நல்லா இருந்திச்சு, டீமேக்கர். தேயிலை நல்லா இல்லே."

நல்லா இல்லாத தேயிலையை யாரும் வீசவில்லை. வேறு தேயிலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கொழும்புக்கு ஏற்றினார்கள். எந்தச் சீமையிலோ யாரோ என் அம்மாவின் பட்டரைக் குடித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்று சொல்லியிருப்பார்கள்.

துரைசாணி மிச்ச பிஸ்கட்டுகளைத் தகரத்தில் போட்டு வைத்து, தை மாசம் வரை தேநீரில் முக்கித் தின்றாள் என்று அப்பு சொன்னார். அதே தை மாசம்தான் அக்கரப்பத்தனையிலிருந்து புது டீமேக்கர் வந்தார். சின்ன வயசு. தலையில் எண்ணெய் மினுங்கியது.

மதுவிலக்குச் சங்கம் அப்பாவை நீக்கவில்லை. கூட்டம் கூட்ட ஆள் வேண்டுமே. சங்கத்தில் இருந்ததே அப்பா, அம்மா, ஹெட் கிளார்க்.

சாமான் ஏற்றிய லொறியின் பின்பக்கம் உட்கார்ந்து மலை இறங்கும்போது நான் கேட்டுவிட்டேன்.

"அப்பா, அன்னைக்குச் செல்லாயி வாயத் தெறக்கலைன்னா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

அப்பா பின்னால் போகிற ரோட்டைப் பார்த்தார்.

"விசாரிச்சிருப்பேன்."

"விசாரிச்சு?"

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அப்பா மூக்கைச் சிந்திக்கொண்டு மறுபக்கம் திரும்பிவிட்டார்.  

இப்போது நாங்கள் நோர்வூட் கடைவீதியில், ஒரு துணிக்கடைக்கு மேலே, இரண்டு அறையில் வாடகைக்கு இருக்கிறோம்.